கணக்குக் காட்டாத கணினி: உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து ஒரு மதிப்பீடு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஐச் சேர்ந்தது, மற்றது 921-ஐச் சேர்ந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை படிப்படியாகச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். அந்தக் குடத்தைச் சபையார் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோர் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமே கிடையாது.

இந்தக் கல்வெட்டுகளைக் குடியாட்சியின் பிறப்பிடம் என்று கொண்டாடுகிறோம். அவை யாருக்காக எழுதப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உடைய ஆண்களுக்கான விதிகள் அவை. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை.

இன்று நிலைமை நேர்மாறு. ரேஷன் பட்டியலிலும் ஊரக வேலைப் பட்டியலிலும் மகளிர் உரிமைத் தொகைப் பட்டியலிலும் அன்று குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய முன்னேற்றம். ஆனால் யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் ஏன் நீங்கியது என்பதைத் தீர்மானிக்கும் விதி மென்பொருளுக்குள் போய்விட்டது. அதை ஊரில் ஒருவரும் படித்துப் பார்க்க முடியாது. கணினித் தொழில்நுட்பம் ஊரக வாழ்வை எப்படி மாற்றியிருக்கிறது என்ற பெரிய கேள்வியை இந்த இடத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊருக்குக் கணினி வந்த வழி

தமிழ் ஊர்களுக்குக் கணினியைக் கொண்டுசெல்லும் முயற்சி இரண்டு முன்னோடித் திட்டங்களில் தொடங்கியது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில், வில்லியனூரை மையமாகக் கொண்டு, கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. ஊரார் இடம் தர வேண்டும், அந்த இடத்துக்குள் எல்லாச் சாதியாரும் வந்துபோக முடிய வேண்டும் என்பவை நிபந்தனைகள். என்ன தகவல் வேண்டும் என்பதையும் ஊராரே சொன்னார்கள். வீராம்பட்டினத்து மீனவர்கள் கடல் அலையின் உயரத்தைக் கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்தத் தகவலை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவக் கிராமத்தில் அந்த ஒலிபெருக்கி உயிர் காத்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் கரையிலிருந்து வெளியேற்றினார்கள்.

இரண்டாவது, 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் தொடங்கிய ‘சாரி’ திட்டம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே கிராமக் கணினி நிலையங்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது. அங்கிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் அனுப்பலாம். ஆரம்பத்தில் வரவேற்பு பலமாக இருந்தது. பின்னர் பெரும்பாலான நிலையங்கள் மூடப்பட்டன. காரணம் கருவியில் இல்லை. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறுதலாகிப் போனார்கள். அலுவலகம் பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. கிராமத்திலிருந்து போன விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. திட்டத்தை ஆராய்ந்தவர்கள் எழுதிவைத்த பாடம் இதுதான்: ஊர்ப்பக்கம் கணினி வைத்தால் போதாது, அலுவலகத்துப் பக்கம் பதில் சொல்லும் கடமையும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டின் வாரிசுதான் இன்று உத்திரமேரூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் இ-சேவை மையம். வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி எனச் சான்றிதழ் எதுவானாலும் விண்ணப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பட்டா, சிட்டா நகலை எடுக்கத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்த காலம் போய்விட்டது. ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறிப் போனவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள்.

ஆயினும் விண்ணப்பம் திரையில் ஏறிய பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., வட்டாட்சியர் என்ற அதே வரிசையில்தான் நகர்கிறது. திருப்பி அனுப்பப்பட்டால் காரணம் ஒற்றை வரியில் வருகிறது. அந்த வரியின் பொருள் என்ன என்று கேட்க ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் வீட்டில் படித்த பிள்ளை, இல்லாவிட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதித்தருபவர். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. ஓ.டி.பி. வருகிற போன் கணவன் கையிலோ மகன் கையிலோ இருந்தால், பெண்ணின் பெயரில் இருக்கும் உரிமையும் அவர்கள் வழியாகத்தான் வந்துசேரும். 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ திட்டத்துக்கு 10,000 முகாம்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் திரண்ட கூட்டம் ஒன்றைச் சொல்கிறது: எல்லாம் இணையத்தில் கிடைக்கும் காலத்திலும் மனிதர் எதிரே உட்கார்ந்து மனுவை வாங்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள்.

கைரேகை, புகைப்படம், உள்நுழைவுச் சொல்

நலத்திட்டங்களில்தான் கணினியின் பலனும் பாரமும் மிகக் கூர்மையாகத் தெரிகின்றன. தமிழ்நாட்டில் 2017-இல் ரேஷன் அட்டை ஸ்மார்ட் கார்டாக மாறியது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது கைரேகைப் பதிவும் சேர்ந்தது. வாங்காத பொருளுக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் மக்கள் கேள்வி கேட்கிறார்கள். அது உண்மையான பலன். மறுபக்கம், நாற்றும் களையும் பார்த்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் முதியவர்கள் கடை வாசலில் காத்திருக்கிறார்கள்.

இதில் இந்தியாவிலேயே இரண்டு எதிரெதிர் அனுபவங்கள் உண்டு. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலியை ஸ்மார்ட் கார்டு வழியே கொடுத்தபோது பணம் விரைவாக வந்தது, கசிவும் குறைந்தது. கார்டு இல்லாதவருக்கும் கூலி கொடுப்பதை அரசு நிறுத்தவில்லை. ஜார்க்கண்டில் ஆதார் கைரேகையைக் கட்டாயமாக்கியபோது, ஆதார் இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைத்த பலன் குறைந்தது. 2017-இல் ஆதாருடன் இணைக்காததால் ரேஷன் அட்டை நீக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் 11 வயதுச் சிறுமி இறந்தது நாடெங்கும் பேசப்பட்டது. இரண்டு இடத்திலும் தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றே. கருவி தவறும்போது யார் நட்டப்பட வேண்டும் என்று அரசு எடுத்த முடிவுதான் வேறு.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, ஏறக்குறைய 1.06 கோடிப் பெண்கள் தேர்வானார்கள். நிலம், ஆண்டு வருமானம், மின் பயன்பாடு, நான்கு சக்கர வாகனம் ஆகிய தகவல்களை அரசுத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பட்டியல் தயாரானது. இவ்வளவு பெரிய வேலையைச் சில மாதங்களில் முடிக்கக் கணினி இல்லாமல் முடியாது. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தியில் காரணம் சொன்னதும், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய இ-சேவை மையம் வழியே வாய்ப்பு தந்ததும் பாராட்டத்தக்கவை. ஆனால் தரவில் தவறு இருந்தால், தான் தகுதியானவள் என்று நிரூபிக்கும் சுமை அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. தரவை வைத்திருப்பவரே அதைச் சரிபார்த்துத் தர வேண்டும் என்பதுதான் முறை.

ஏரி வேலைக்கு வருவோம். உத்திரமேரூர்ச் சபையில் ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் இருந்தது. நம் காலத்தில் ஏரிக்கரையையும் வரத்துக் கால்வாயையும் வெட்டிச் சீர்செய்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் வருகையைச் செயலியில் பதிய வேண்டும், நாளுக்கு இரண்டு முறை இடக்குறியோடு புகைப்படம் எடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. சிக்னல் கிடைக்காத கரையில் படம் ஏறாவிட்டால், மண் சுமந்தவரின் கூலிக்கு ஆபத்து. போலி வருகையாவது ஒழிந்ததா? பணிக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்த படங்களும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. கடைசியில் அமைச்சகம் நம்பியது ஊராட்சி அளவில் மனிதர்கள் செய்யும் சரிபார்ப்பைத்தான்.

மோசடி எங்கே நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 2020-இல் பி.எம். கிசான் திட்டத்தில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டது வெளிவந்தது. ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனது. வேளாண் அலுவலர்களின் உள்நுழைவுச் சொற்கள் இடைத்தரகர்கள் கைக்குப் போயிருந்தன. பெயர்ப் பட்டியலைக் கிராம சபையில் படித்திருந்தால், நிலமே இல்லாதவர் விவசாயி ஆனதை முதல் நாளே ஊர் சொல்லியிருக்கும்.

வகுப்பறையில் கணினி

பள்ளி மாணவர்களுக்குக் கணினியைக் கொண்டுசேர்க்கத் தமிழ்நாடு பெரும் செலவு செய்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயன்பெற்றார்கள். பல கிராமத்து வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். 2017–18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இந்திய ஊரகக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை என அடுத்தடுத்து வந்தன.

கருவியால் கற்றல் கூடியதா என்பது வேறு கேள்வி. இதற்குக் கொரோனா காலம் கடுமையான தேர்வாக அமைந்தது. ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர், பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் மொழியிலும் அதைவிட அதிகமாகக் கணக்கிலும் பெரிய சரிவைக் கண்டார்கள். தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் அந்தச் சரிவைத் தடுக்கவில்லை. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. அதில் இருந்தது கரும்பலகை, ஊரில் படித்த ஒரு பெண், மாலையில் அவரைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள்.

அதற்காகக் கணினி வீண் என்று சொல்லிவிட முடியாது. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளோடு மாலை நேர மையங்களில் படித்த பிள்ளைகள் கணக்கில் நன்றாகவே முன்னேறினார்கள். பெருவில் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டெல்லியில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து பாடம் தொடங்கியது, பக்கத்தில் வழிகாட்டவும் ஆள் இருந்தார். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தின் பதிவுகளுக்காகத் தமிழ்நாட்டு ஆசிரியரின் நேரம் போகுமானால், அந்த நேரம் பிள்ளையிடமிருந்து எடுக்கப்பட்டது. பதிவு வேலையைப் பிரித்துத் தனிப் பணியாளரிடம் கொடுப்பது கல்விக்குச் செய்யும் உடனடி உதவி.

தறியும் தொழிற்சாலையும்

கணினிக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள உறவு இ-சேவை மையத்துக்கு வெகு முன்பே தொடங்கியது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு உருவாக்கிய தறியில், துளையிட்ட அட்டைகள் எந்த நூல் மேலே எழ வேண்டும் என்று கட்டளையிட்டன. அந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித்தின் எந்திரங்களும் துளை அட்டைகளிலேயே ஓடின. காஞ்சிபுரத்து நெசவாளர் பல தலைமுறைகளாக அட்டை கோத்துப் புட்டாவும் பேட்டும் நெய்துவருகிறார்கள். இன்று வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த டிசைனைக் கணினி வரைகிறது, சில தறிகளில் அட்டைக்குப் பதில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது.

டிசைன் மாற்றும் நேரம் குறைந்தது நெசவாளருக்கு நன்மை. அதே வேகத்தில் அந்த டிசைன் விசைத்தறிக்கும் வெளிமாநிலத்துக்கும் போவது தீமை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தும், வாங்குபவர் கைத்தறியையும் விசைத்தறியையும் பிரித்தறிய முடியாத நிலை தொடர்கிறது. நெய்தவர் யார், கூலி என்ன என்ற தகவல் சேலையோடு சேர்ந்து வாங்குபவர் கைக்குப் போகும் வழியைக் கணினி இன்னும் செய்து தரவில்லை. செய்து தர முடியும்.

இந்த மாவட்டம் கருவிகளைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, உலகத்துக்கே செய்தும் தருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், வேலை இழந்தார்கள். இப்போது சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றபோது, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஊரில் களை எடுத்த தாயின் மகள் மாதச் சம்பளம் வாங்குவது சமூக மாற்றம்தான், ஐயமில்லை. ஆனால் அந்த மகள் மின்னணுவியல் படித்து, அந்தக் கருவியை வடிவமைப்பவளாக உயரும் வழி எங்கே என்று கேட்காவிட்டால், நம் பங்கு பூட்டித் தருவதோடு நின்றுவிடும்.

மொழியும் பண்பாடும்

தமிழ் கணினியில் ஏறியது யாரோ ஒரு நிறுவனத்தின் தயவால் அல்ல. 1980-களின் நடுவில் மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், 1998-இல் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு வகுத்த விசைப்பலகை, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2005 முதல் ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் திட்டம் எனப் பல நாட்டுத் தமிழர் சேர்ந்து கட்டிய வீடு இது. அதனால்தான் இன்று உத்திரமேரூர்ப் பெண் ஒருவர் தன் மனுவைத் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது.

அந்த வீட்டுக்குள் எல்லோரும் இன்னும் வரவில்லை. எழுத்து அறியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரலாகத்தான் பேசுகிறார்கள். காஞ்சிபுரம் வட்டாரத்து வழக்குத் தமிழில் முதியவர் ஒருவர் பேசினால் அரசுச் செயலி புரிந்துகொள்ள வேண்டும். இனிச் செய்ய வேண்டிய தமிழ்க் கணினி வேலையின் முதல் வரிசையில் இது இருக்க வேண்டும்.

பாரதம் படிக்கும் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்து இப்போது யூடியூபில் கிடைக்கிறது. ஊரைவிட்டு வேலைக்குப் போனவர் அங்கிருந்தே பார்க்கிறார். அதே கைப்பேசியில்தான் 2018 மே மாதம் பிள்ளை கடத்துபவர்கள் என்ற வதந்தி பரவி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்துக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் வந்த செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. கூத்தும் வதந்தியும் ஒரே வழியில் வருகின்றன. எதை நம்புவது என்று ஆராயும் பழக்கத்தைப் பள்ளியிலும் வீட்டிலும் கற்றுத்தர வேண்டியவர்கள் ஆசிரியரும் பெற்றோரும்.

உலகம் கண்ட முடிவு

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். இணைப்பு கிடைத்த இடத்தில் பலன் உண்டு என்பதற்குச் சான்று நம் அண்டை மாநிலம். 1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரையில் கைப்பேசி பரவியபோது, மத்தி மீனின் விலை ஊருக்கு ஊர் தாறுமாறாக இருந்தது ஒருசீரானது, விற்காமல் கொட்டப்படும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது என்று ராபர்ட் ஜென்சன் காட்டினார். மீனவரிடம் படகு இருந்தது, சந்தை இருந்தது, பேரம் பேசும் திறன் இருந்தது. குறைவாக இருந்தது தகவல் மட்டும்.

மற்றவை குறைவாக இருக்கும் இடத்தில் இணைப்பு மட்டும் போதாது. உலக வங்கியின் 2016 உலக வளர்ச்சி அறிக்கை இதையே சொன்னது: இணையம் பரவிய வேகத்துக்கு அதன் பலன் பரவவில்லை, நல்ல சட்டம், மக்களின் திறன், பதில்சொல்லும் நிர்வாகம் ஆகிய மூன்றும் வேண்டும். பெங்களூரில் ஊரகக் கணினித் திட்டங்களை ஆராய்ந்த கென்டாரோ டோயாமா, தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் மனித ஆற்றலையும் நோக்கத்தையும் பெருக்குகிறது, இல்லாததை உண்டாக்காது என்ற முடிவுக்கு வந்தார். மேலே பார்த்த தமிழ்நாட்டு அனுபவங்கள் அந்த முடிவை உறுதிசெய்கின்றன. அவை இன்னொன்றையும் சேர்க்கின்றன: பெருக்கப்படுவது யாருடைய ஆற்றல் என்பதை விதி யார் கண்ணில் படுகிறது என்பது தீர்மானிக்கிறது.

செய்ய வேண்டியவை

ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் தொடங்கிய ஜன் சூசனா தளத்தில், தன் வார்டில் யார் யாருக்கு என்ன பலன் கிடைத்தது என்பதை எவரும் பார்க்கலாம். மக்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது அது. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நான்காவது பிரிவில், கேட்காமலே தகவலை வெளியிடும் கடமையை அரசு அலுவலகங்களுக்கு விதித்திருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் துணை இருக்கிறது. பயன்படுத்துவதுதான் மீதி.

நான்கு வேண்டுகோள்கள். ஒன்று, நலத்திட்டம் ஒவ்வொன்றிலும் பெயரைச் சேர்க்கும், நீக்கும் விதியை எளிய தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும். இரண்டு, கைரேகையோ சிக்னலோ சர்வரோ தவறினால், அன்றைக்கே பொருளும் கூலியும் கொடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்க வேண்டும். மூன்று, நிராகரிப்புக்குப் பதில் சொல்லும் அலுவலரின் பதவியும் கெடுவும் விண்ணப்ப ரசீதிலேயே அச்சாக வேண்டும். நான்கு, ஊர்ப் பள்ளியிலும் இ-சேவை மையத்திலும் கணினி அறிந்த உள்ளூர்ப் பெண்களைச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் அவர்கள் தங்கள் திறனை ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

இவற்றுக்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வாசகர்கள் போக வேண்டும். உங்கள் ஊர்ப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட பெயர்களையும் ஒவ்வொன்றின் காரணத்தையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.